ஊசுவது வேறு... காறுவது வேறு!

"மாமா நான் வச்ச கறியைத் தொடவே மாட்டேங்காங்க டாக்டர்!"

போன மாதம் ஒரு சாயங்காலம். என் கிளினிக்குக்கு வந்த அந்தப் பெண், நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே கண் கலங்கிவிட்டார். பேங்க்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஆற அமரச் சமைக்க முடிகிறது. அன்றைக்குக் கோழிக் குழம்பும் வறுவலும் செய்து, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். திங்கள், செவ்வாய் ராத்திரிகளில் அதைச் சூடு பண்ணிப் பரிமாறுவார். கணவரும் பிள்ளைகளும் தட்டைக் காலி பண்ணிவிடுவார்கள். எழுபத்து நான்கு வயது மாமனார் மட்டும் முதல் வாயிலேயே தட்டை ஒதுக்கிவிட்டு, மோர்ச்சோற்றோடு எழுந்து விடுகிறார். ஒரே மாதத்தில் ஆள் இரண்டு கிலோ இளைத்துவிட்டார். "எங்க அப்பாவுக்குப் பழசையே போடுதா" என்று நாத்தனார் போனில் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சங்கடத்தோடு சொன்னார்: "வைத்தியரய்யா, மருமகளை நான் ஒரு குறையும் சொல்லலை. தங்கமான பிள்ளை. ஆனா அந்தக் கறியில ஒரு வாடை அடிக்குது. தொண்டையில இறங்க மாட்டேங்கு."

"ஃபிரிட்ஜ்ல வச்சது எப்படி டாக்டர் கெடும்? நல்லா கொதிக்க வச்சுத்தானே குடுக்கேன்? எங்களுக்கெல்லாம் ஒரு வாடையும் தெரியலையே!" என்றார் அந்தப் பெண்.

யார் சொல்வது சரி? உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். இதற்குத் தீர்ப்பு சொல்ல ஒரு வழி இருக்கிறது. மூக்குக்கும் நாக்குக்கும் பதிலாக, லேபில் சோதனைக் குழாயை வைத்து அளக்கும் வழி. அதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தமிழில் இரண்டு வார்த்தை இருக்கிறதே!

சாம்பார் கெட்டுப்போனால் நாம் என்ன சொல்கிறோம்? "ஊசிப் போச்சு" என்கிறோம். கொப்பரைத் தேங்காயோ, வேர்க்கடலையோ, பழைய எண்ணெயோ கெட்டால்? "காறிப் போச்சு", "சிக்கு வாடை அடிக்குது" என்கிறோம். நம் பாட்டிமார்கள் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை வைத்ததில் காரணம் இருக்கிறது.

ஊசுவது கிருமிகளின் வேலை. காறுவது காற்றின் வேலை. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கொழுப்போடு சேர்ந்து அதைச் சிதைப்பதுதான் காறல்.

ஃபிரிட்ஜின் குளிர் கிருமிகளை அடக்கி வைக்கும். அதனால் ஊசல் தள்ளிப் போகும். ஆனால் காறலுக்குக் கிருமியே தேவையில்லையே! குளிரில் அதன் வேகம் குறையுமே தவிர, நிற்காது. ஃப்ரீசரில் கட்டியாக உறைந்த மீனிலும் கோழியிலும்கூட மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும். கொதிக்க வைத்தால்? கிருமி சாகும். காறிய கொழுப்பு பழையபடி நல்ல கொழுப்பாக மாறாது!

சரவெடி மாதிரி!

காறல் எப்படி நடக்கிறது? தீபாவளிக்கு நாம் கொளுத்தும் சரவெடியை நினைத்துக் கொள்ளுங்கள். திரியில் ஒரு பொறி பட்டால் போதும். ஒன்று வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கும், அது அதற்கடுத்ததை...

கொழுப்பில் நிறைவுற்றது, நிறைவுறாதது என்று இரண்டு வகை உண்டு. நிறைவுறாத கொழுப்புதான் சீக்கிரம் தீப்பிடிக்கும் வெடி. மீனில் அது ரொம்ப அதிகம். அடுத்தது கோழி. ஆட்டுக்கறியில் குறைவு. மூன்றையும் ஒரே மாதிரி வைத்தால் மீன்தான் முதலில் காறும், பிறகு கோழி, கடைசியில்தான் ஆடு.

"நான் தோலை எடுத்துவிட்டு, கொழுப்பே இல்லாத கறியாகத்தான் வாங்குகிறேன் டாக்டர்" என்பீர்கள். தசையின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொழுப்பில்தான் முதல் பொறி விழுகிறது.

பொறி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கறியிலுள்ள இரும்பிலிருந்து! நம் ரத்தத்துக்கு நல்லது செய்யும் அதே இரும்புச்சத்துதான். சமைக்கும்போது, இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள் உடைந்து இரும்பு வெளியே வருகிறது. அதனால் பச்சைக் கறியைவிட, சமைத்த கறிதான் சீக்கிரம் காறும். கொத்துக்கறியாக அரைத்தால் காற்று எல்லா இடத்திலும் பட்டு இன்னும் சீக்கிரம். உப்பும் தன் பங்குக்குத் தூண்டிவிடும்.

சமைத்து, குளிரில் வைத்து, மறுபடி சூடாக்கிய இறைச்சியில் வரும் இந்த வாடைக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரே இருக்கிறது. நாம் 'மறுசூட்டு வாடை' என்று வைத்துக்கொள்ளலாம். 1958-ல் டிம்ஸ், வாட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். ஃபிரிட்ஜில் வைத்த இரண்டே நாளில் இது நன்றாகத் தெரிந்துவிடும்.

முதல் சோதனை: அயோடினும் கஞ்சியும்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், பழைய தைலத்தை உள்ளங்கையில் தேய்த்து, "மோந்து பாருடே" என்று நீட்டுவார் எங்கள் ஆசிரியர். சிக்கு வாடை அடித்தால் அந்தப் புட்டி ஒதுக்கப்படும். "அது மூக்கு சொல்றது. லேப் என்ன சொல்லுதுன்னும் பார்த்துரணும்" என்பார். தைலங்களுக்கு இன்றைக்கும் செய்யப்படும் பெராக்ஸைடு சோதனைதான் இறைச்சிக்கும் முதல் சோதனை.

காறலின் முதல் கட்டத்தில் கொழுப்போடு ஆக்ஸிஜன் ஒட்டிக்கொண்டு 'பெராக்ஸைடு' என்ற பொருள் உண்டாகிறது. இதற்கு வாடையே கிடையாது! உங்கள் மூக்குக்கு எதுவும் தெரியாத நேரத்திலேயே திருடன் வீட்டுக்குள் நுழைந்து விட்டான் என்று அர்த்தம்.

அவனை எப்படிப் பிடிப்பது? இறைச்சியை அரைத்து, குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் அதன் கொழுப்பை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அதில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால், எவ்வளவு பெராக்ஸைடு இருக்கிறதோ அந்த அளவுக்கு அயோடின் வெளியே வரும். பிறகு கொஞ்சம் ஸ்டார்ச், அதாவது கஞ்சி! பள்ளிக்கூடத்தில் சோற்றுக் கஞ்சியில் டிங்க்சர் அயோடின் விட்டு நீலமாக்கியது ஞாபகம் இருக்கிறதா? அதே நீலம் இங்கேயும் வரும். அந்த நீலம் மறையும்வரை சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எவ்வளவு செலவானது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் 'பெராக்ஸைடு எண்' கிடைத்துவிடும்.

சமையல் எண்ணெய்க்கும் இதே எண்தான். சுத்திகரித்த எண்ணெயில் 10-க்கு மேலும், செக்கில் ஆட்டிய எண்ணெயில் 15-க்கு மேலும் போகக் கூடாது என்பது சர்வதேச உணவுத்தர விதி.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம். பெராக்ஸைடு நிலையாக நிற்காது. ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு உடைந்து இறங்கிவிடும். அதனால் எண் குறைவாக வந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, கறி புதுசு. இன்னொன்று, கறி ரொம்பப் பழசு! காய்ச்சல் இறங்கினால் நோய் குணமாகியும் இருக்கலாம், ஆள் துவண்டும் போயிருக்கலாம் அல்லவா? அதேபோலத்தான். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இரண்டாவது சோதனை: ரோஜா நிறம்

பெராக்ஸைடு உடையும்போதுதான் வாடை பிறக்கிறது. ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள்கள் பல உண்டாகின்றன. அவற்றில் 'மாலோண்டயால்டிஹைடு' என்று ஒன்று. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் இறைச்சி லேபில் அதிகம் தேடப்படும் ஆசாமி இவன்தான். இவன் 'தயோபார்பிட்யூரிக் அமிலம்' என்பதோடு சேர்ந்து சூடானால் அழகான ரோஜா நிறம் கொடுப்பான்.

1944-ல் கோன், லிவர்செட்ஜ் என்ற இருவர், மூளைத் திசுவை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் இந்த நிறத்தை முதலில் பார்த்தார்கள். இறைச்சிக்கு ஏற்றபடி அதை ஒழுங்குபடுத்தி 1960-ல் வெளியிட்டது டார்லாட்ஜிஸ், பெட்டி வாட்ஸ் முதலானோர் அடங்கிய குழு.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் என் நண்பர் ஒருவர் இதை எனக்குச் செய்தே காட்டினார். பத்து கிராம் கறியைத் தண்ணீரோடு அரைத்து, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து 50 மில்லி வடித்தெடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன ஸார், நாங்க ஓமத் தீநீரை வாலையில வச்சு இறக்குற மாதிரியே இருக்கே!" என்றேன். வடித்ததில் 5 மில்லி, அந்த அமிலக் கரைசல் 5 மில்லி. இரண்டையும் கலந்து கொதிக்கும் தண்ணீரில் 35 நிமிஷம் வைத்தார்.

மூன்று குழாய்கள். மூன்றிலும் மசாலா சேர்க்காமல், உப்புப் போட்டு வேகவைத்த ஒரே கோழி. முதலாவது அன்றைக்கே வேகவைத்தது. மற்ற இரண்டும் ஃபிரிட்ஜில் ஒரு நாளும் மூன்று நாளும் இருந்தவை. முதல் குழாய் கிட்டத்தட்டத் தண்ணீர் நிறம். இரண்டாவதில் லேசான இளஞ்சிவப்பு. மூன்றாவது? நல்ல பன்னீர் ரோஜா! நான் வாயடைத்துப் போனேன். மூன்று நாள் கறியிலும் நூல் விடவில்லை, பிசுபிசுப்பு இல்லை. ஊசவே இல்லை. ஆனால் காறியிருக்கிறது!

நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டார்கள். ஸ்பெக்ட்ரோ போட்டோமீட்டர் என்ற கருவி, 538 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் குழாய்க்குள் செலுத்தி, எவ்வளவு ஒளி உள்ளேயே உறிஞ்சப்பட்டது என்று காட்டும். இந்த முறையில் அந்த எண்ணை 7.8 ஆல் பெருக்கினால், ஒரு கிலோ கறியில் எத்தனை மில்லிகிராம் மாலோண்டயால்டிஹைடு என்ற கணக்கு வந்துவிடும்.

இதிலும் ஏமாற வழி உண்டு. சர்க்கரையும் வேறு சில ஆல்டிஹைடுகளும்கூட இந்த அமிலத்தோடு நிறம் கொடுக்கும். நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய சாஸேஜ் வகைகளில் உண்மை அளவு மறைந்து குறைவாகக் காட்டும். அதற்கென்று தனியாக ஒரு ரசாயனம் சேர்த்துச் சரிபார்ப்பார்கள். சோதனைக்காக அரைக்கும்போதும் காய்ச்சும்போதுமே புதிதாகக் கொஞ்சம் காறிவிடும் என்பதால், அதைத் தடுக்கவும் ஒரு மருந்து விடுவது உண்டு. எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்!

மூன்றாவது: இயந்திர மூக்கு

வாடையையே நேரடியாக அளக்கவும் முடியும். மூடிய சின்னக் கண்ணாடிப் புட்டியில் கறியை வைத்து லேசாகச் சூடாக்கி, மேலே எழும் ஆவியை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். 'கேஸ் குரோமடோகிராபி' என்ற கருவியிலுள்ள தலைமுடி போன்ற நீளமான குழாய்க்குள் அதை அனுப்புவார்கள். ஒவ்வொரு வாசனைப் பொருளும் ஒவ்வொரு நேரத்தில் அடுத்த முனையில் வந்து சேரும். யார் எப்போது வந்தார், எவ்வளவு வந்தார் என்று கருவி குறித்துக்கொள்ளும். காறலில் முக்கியமாகத் தேடப்படுவது 'ஹெக்ஸனால்'. தனியாக மோந்தால் அப்போது வெட்டிய பச்சைப் புல் வாசனை! புல்லில் இருந்தால் மணம், கறியில் இருந்தால் நாற்றம்.

நல்ல லேபில் இவற்றில் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள். முதல் கட்டத்துக்கு ஒரு சோதனை, இரண்டாம் கட்டத்துக்கு ஒன்று, கூடவே மனித மூக்கு. அதையும் ஒரே நாளில் முடிக்காமல், நாள் கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது தீர்ப்புக்கு வருவோம்

மனித மூக்கு என்றேனே, அங்கேதான் மாமனார் - மருமகள் வழக்குக்கு விடை இருக்கிறது!

1960-ல் பன்றி இறைச்சியை வைத்துச் செய்த அந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் மூக்குக்கு வாடை தட்டிய அளவு கிலோவுக்கு 0.5 முதல் 1.0 மில்லிகிராம். 1982-ல் சமைத்த மாட்டிறைச்சியைப் பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு 0.6 முதல் 2.0 வரை. அதாவது ஒரே கறி, ஒருவருக்கு வாடை அடிக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை!

பெரியவரைப் பார்த்து, "நீங்க என்ன தொழில் பண்ணினீங்க?" என்று கேட்டேன். "நாற்பது வருஷம் எண்ணெய்க் கடை" என்றார். நானும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். காறலைப் பிடிக்கவே நாற்பது வருஷம் பழகிய மூக்கு அது!

"நீங்க குடுத்தது ஊசின கறி இல்லைம்மா. மாமா சொன்ன வாடையும் கற்பனை இல்லை. அது காறல்" என்றேன். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது.

ஒரு விஷயம். வயதானவர் இளைத்துப் போனால் வாடைதான் காரணம் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. சர்க்கரை, தைராய்டு உட்பட எல்லாம் பார்த்துவரச் சொன்னேன். நல்லவேளை, எல்லாம் சரியாகவே இருந்தது.

சித்தர் சொன்னதும் மசாலா செய்வதும்

நேற்றுச் சமைத்த கறியை இன்றைக்கு உண்ண வேண்டாம் என்று தேரையர் தன் பிணி அணுகா விதியில் சொல்லியிருக்கிறார். "பார்த்தீர்களா, அன்றைக்கே மாலோண்டயால்டிஹைடைக் கண்டுபிடித்துவிட்டார்!" என்று நான் பெருமையடிக்க மாட்டேன். ஃபிரிட்ஜ் இல்லாத காலம். மறுநாளைக்குள் ஊசலும் வரும், காறலும் வரும். இரண்டுக்கும் சேர்த்து அனுபவத்தில் போட்ட விதி அது. விதி சரி. காரணத்தை லேப் இப்போது பிரித்துக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

நம் அஞ்சறைப் பெட்டிக்கும் லேபில் மரியாதை உண்டு. 2010-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் பிரிவில் ஒரு சோதனை. கிராம்பு, பட்டை, இஞ்சி, மிளகு, பூண்டு முதலியவை சேர்ந்த மசாலாவை அரைத்த கறியில் கலந்து சமைத்தார்கள். மசாலா இல்லாத கறியைவிட மாலோண்டயால்டிஹைடு 71 சதவிகிதம் குறைவு! அதைச் சாப்பிட்ட 11 பேரின் ரத்தத்திலும் சிறுநீரிலும்கூட அது குறைந்திருந்தது. மசாலாவிலுள்ள துவர்ப்புச் சத்துக்கள் சரவெடியின் நடுவே திரியைக் கிள்ளிவிடுகின்றன.

"அப்போ நேற்று வைத்த மீன் குழம்பு மட்டும் ஏன் டாக்டர் அவ்வளவு ருசி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புளியும் மசாலாவும் துண்டுக்குள் ஊறுகிறது. துண்டுகள் குழம்புக்குள் மூழ்கி இருப்பதால் காற்றும் அதிகம் படுவதில்லை. அதே மீனைப் பொரித்து, திறந்த தட்டில் வைத்து, மறுநாள் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்!

காறிய கறியை ஒருநாள் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டாம். வாந்தி பேதி வருவது கிருமியால்தான். ஆனால் காறக் காற, கறியிலுள்ள நல்ல கொழுப்பும் வைட்டமின் ஈ-யும் வீணாகும். சிதைவுப் பொருள்கள் நம் உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. அதைத் தினசரி வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னவை

* மொத்தக் கறியையும் ஒரே நாளில் சமைக்காதீர்கள். பாதியை ஒருவேளைக்கு ஆகும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, பச்சையாகவே ஃப்ரீசரில் வையுங்கள்.

* மிச்சத்தைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அகலப் பாத்திரம் வேண்டாம். கறி முழுகும் அளவு குழம்போடு, விளிம்புவரை நிறையும் சின்ன டப்பாவில் மூடி வையுங்கள்.

* மறுநாளைக்கு மிச்சம் வைப்பதென்றால் ஆட்டுக்கறியை வையுங்கள். கோழி வறுவல், பொரித்த மீன், கொத்துக்கறி மூன்றையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

* வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்து, ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள். மசாலா அதிகம் போட்டோமே என்று நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டாம். மசாலா காறலைத் தள்ளிப்போடுமே தவிர, கிருமிக்குக் காவல் நிற்காது.

* வீட்டில் யாராவது "வாடை அடிக்குது" என்றால் கோபப்படாதீர்கள். அவர்களுடைய மூக்கு உங்களுடையதைவிடக் கூர்மையாக இருக்கலாம்!

மூன்று வாரம் கழித்துப் பெரியவர் தனியாக வந்தார். எடை ஒரு கிலோ ஏறியிருந்தது. "இப்பல்லாம் புதன்கிழமை பச்சைக் கறியை எடுத்துப் புதுசா வச்சுக் குடுக்கா. நான்தான் வெங்காயம் உரிச்சுக் கொடுக்கேன்" என்றார். கிளம்பும்போது ஞாபகம் வந்தவராகத் திரும்பி, "மக போன் பண்ணினா. பழசு போடலை, நல்லாத்தான் பார்த்துக்கிடுதான்னு சொல்லிட்டேன்" என்றார்.